கடற்கரைக்கும் கனிம நிலத்துக்குமான உலோகங்காணிகள்

உலோகங்காணி என்பது மண்ணுக்குள்ளோ நீருக்கடியிலோ மறைந்திருக்கும் உலோகப் பொருளை மின்காந்தத் தூண்டல் மூலம் கண்டறிந்து, ஒலியாலும் திரையில் தோன்றும் எண்ணாலும் அறிவிக்கும் மின்னணுக் கருவி ஆகும். இது உலோக உணரி என்றும், பேச்சு வழக்கில் மெட்டல் டிடெக்டர் என்றும் அழைக்கப்படுகிறது. நாணயம், மோதிரம், தங்கக் கட்டி முதலியவற்றைத் தேடுவது அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பரவலான பொழுதுபோக்கு ஆகும். அவ்வாறு தேடுவோர் பயன்படுத்தும் விலை குறைந்த கருவிகளுள், கடற்கரைக்கும் கனிமம் மிகுந்த நிலத்துக்கும் ஏற்றவற்றைத் தெரிவு செய்யும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

தோட்டத்து மண்ணில் நன்றாக இயங்கும் மலிவான கருவி ஒன்று, ஈரமான கடல்மணலின் மேல் கொண்டு சென்றவுடன் இடைவிடாது ஒலிக்கத் தொடங்குவது வழமை. வாங்கியவர் கருவி பழுதடைந்துவிட்டதாக எண்ணுவார். உண்மையில் அது பழுதடையவில்லை. உப்புநீரிலிருந்தும் மணலில் கலந்துள்ள இரும்புத் தாதுவிலிருந்தும் திரும்பிவரும் குறிப்பையே அது அறிவிக்கிறது. எனவே கடற்கரைக்கான கருவியைத் தெரிவு செய்யும்போது, எவ்வளவு ஆழம் வரை காணும் என்பதை விட, நிலத்தின் குறிப்பை எவ்வாறு நீக்குகிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஆகும்.

இயங்கும் முறை

பெரும்பாலான கருவிகளின் தேடுசுருளுக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் உள்ளன. செலுத்துச் சுருளில் பாயும் மாறுமின்னோட்டம் நிலத்துக்குள் மாறும் காந்தப்புலத்தை ஏற்படுத்துகிறது. அப்புலத்தினுள் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி, தமக்குரிய சிறு காந்தப்புலத்தை உருவாக்குகின்றன. அதனை ஏற்புச் சுருள் உணர்கிறது. செலுத்திய அலைக்கும் பெற்ற அலைக்கும் இடையே உள்ள காலப் பின்னடைவு கட்ட விலகல் எனப்படும். வெள்ளி, செம்பு போன்ற நற்கடத்திகளில் இவ்விலகல் மிகுதி. மெல்லிய தங்கச் சங்கிலி, அலுமினியத் தாள் போன்றவற்றில் குறைவு. கருவி காட்டும் இலக்க எண் இவ்விலகலின் அளவே ஆகும். 'இது தங்கம்' என்று எந்தக் கருவியாலும் கூற இயலாது.

பொழுதுபோக்குக் கருவிகள் பொதுவாக 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையான அலைவெண்களில் இயங்குகின்றன. தங்கத் துகள்களைத் தேடும் சிறப்புக் கருவிகள் 45 கிலோஹெர்ட்ஸ், 71 கிலோஹெர்ட்ஸ் எனச் செல்வதும் உண்டு. உயர் அலைவெண் சிறிய தங்கப் பொருட்களை எளிதில் காட்டும். ஆயினும் உப்புநீரின் குறிப்பையும் அதுவே மிகுதியாக்கும் என்பதால், தங்க வயலில் சிறந்து விளங்கும் இத்தகைய கருவி ஈரமான கடல்மணலில் பயனற்றுப் போகிறது.

ஆழம் பற்றிய விளம்பரங்களை ஐயத்துடனேயே அணுக வேண்டும். சுருளின் அளவை விட அதிகத் தொலைவில், செலுத்தும் புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. சிறு பொருளிலிருந்து திரும்பிவரும் புலமும் அவ்வாறே குறைகிறது. ஆகவே மொத்தக் குறிப்பு ஆழத்தின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் வீழ்கிறது. ஆழம் இருமடங்கானால் குறிப்பு 64 இல் ஒரு பங்காகிவிடும். மறுபுறம், செலுத்தும் மின்னோட்டத்தை இருமடங்காக்கினாலும் காணும் ஆழம் ஏறத்தாழ 12 விழுக்காடு மட்டுமே கூடும். நாணயம் ஒன்று 20 செ.மீ. ஆழத்தில் தெளிவாகக் கேட்டால் அது நல்ல கருவியே. ஒரு சிறு நாணயத்தை ஒரு மீட்டர் ஆழத்தில் காட்டும் என்று கூறும் கையடக்கக் கருவியை வாங்காமலிருப்பது நலம்.

நிலம் ஏற்படுத்தும் இடையூறு

நிலத்தின் இடையூறு இரு வகைப்படும். அவை தன்மையில் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை என்பதை அறிந்துகொண்டால், கடைகளில் கிடைக்கும் கருவிகளின் வேறுபாடுகள் எளிதில் விளங்கும்.

முதலாவது, மேக்னடைட்டு போன்ற இரும்புத் தாதுக்கள். இவை மின்சாரத்தைக் கடத்துவதால் அன்றி, காந்தமேற்கும் தன்மையாலேயே குறிப்புத் தருகின்றன. அக்குறிப்பு ஏறத்தாழக் கட்ட விலகலின்றித் திரும்புகிறது. அலைவெண்ணை மாற்றினாலும் அது பெரிதும் மாறுவதில்லை. நியூசிலாந்து வடதீவின் மேற்குக் கரையில் உள்ள இரும்பு மணலும், ஹவாயின் எரிமலைக் கருமணலும் இவ்வகைக்கு எடுத்துக்காட்டுகள்.

இரண்டாவது, உப்புநீர். கடல்நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு ஏறத்தாழ 5 சீமென்சு. செம்பினுடையதோ ஏறத்தாழ 5.8 கோடி. இவ்வளவு நலிந்த கடத்தி எவ்வாறு இடையூறு செய்கிறது என்ற ஐயம் எழலாம். நாணயம் சில கிராம் எடை மட்டுமே உள்ளது. சுருளின் கீழ் உள்ள ஈரமணலோ பல கிலோகிராம். உப்பின் குறிப்பு அலைவெண்ணுடன் சேர்ந்து உயர்கிறது. கட்ட விலகல் அளவில் அது அலுமினியத் தாளுக்கும் மெல்லிய தங்க நகைக்கும் அருகில் விழுகிறது. கடற்கரையில் தேடுவோர் பெரிதும் விரும்பும் பொருளுக்கு அடுத்த இடத்திலேயே உப்பும் அமர்ந்திருப்பது இத்துறையின் பெரிய சிக்கல் ஆகும்.

கருமையாக இருக்கும் மணல் எல்லாம் ஒரே அளவு தொல்லை தருவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி, கேரளத்தின் சவரா, இலங்கையின் புல்மோட்டை ஆகிய இடங்களின் கனிம மணலில் இல்மனைட்டு மிகுதியாக உள்ளது. இல்மனைட்டு மேக்னடைட்டைப் போன்று வலுவாகக் காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை. எனவே நிறத்தைக் கொண்டு முடிவு செய்யாமல் சோதித்துப் பார்க்க வேண்டும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைத் தாளில் சுற்றி மணலில் இழுத்து, ஒட்டும் கருந்துகளைச் சேர்க்கும் விளையாட்டைப் பலர் சிறுவயதில் ஆடியிருப்பர். இங்குத் தேவைப்படும் சோதனையும் அதுவே. துகள் தடித்த மீசைபோல் ஒட்டினால், நிலச் சமன் வசதி இல்லாத கருவி அங்கு உதவாது.

நிலச் சமனும் அதன் எல்லையும்

நிலத்தின் குறிப்பை அளந்து அதனைக் கழிக்கும் செயல் நிலச் சமன்செய்தல் எனப்படும். மலிவான கருவிகள் பலவற்றில் இது ஆலையிலேயே நிலையாக அமைக்கப்பட்டிருக்கும். பயனரால் அதனை மாற்ற இயலாது. 2000களில் பெரும் வரவேற்பைப் பெற்ற காரெட் ஏஸ் 250 இத்தகையது. 6.5 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் இது பூங்காக்களுக்கும் உலர்மணலுக்கும் ஏற்ற கருவி. நனைந்த கடல்மணலில் மட்டும் அமைதியாக இருப்பதில்லை. அடுத்த படியில் உள்ளவற்றில், சுருளை நிலத்துக்கு மேல் சில முறை உயர்த்தித் தாழ்த்தினால் கருவி தானாகவே அளவை அமைத்துக்கொள்ளும். கையால் நுண்ணிதாகத் திருத்தும் வசதியும் சிலவற்றில் உண்டு.

இங்கு ஓர் அடிப்படைத் தடை உள்ளது. ஓர் அலைவெண்ணில் இயங்கும் கருவி, பெற்ற குறிப்பிலிருந்து இரண்டு கூறுகளை மட்டுமே அளக்க முடியும். செலுத்திய அலையுடன் ஒத்த கட்டத்தில் உள்ளது ஒரு கூறு. அதற்கு 90 பாகை விலகி உள்ளது மற்றொரு கூறு. தாதுவை நீக்க ஒரு கூறு செலவாகிறது. உப்பை நீக்க மற்றொரு கூறும் செலவானால், உலோகத்தை அறிய எதுவும் எஞ்சாது. பள்ளியில் படித்த ஒருங்கமை சமன்பாடுகளை நினைவுகூர்ந்தால் இது விளங்கும். மாறிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சமன்பாடுகள் வேண்டும். எனவேதான் தாது மட்டும் உள்ள வயலிலும், வெள்ளை மணலுடன் உப்பு மட்டும் உள்ள கரையிலும் ஒற்றை அலைவெண் கருவி ஓரளவு சமாளிக்கிறது. கருமணலும் உப்பும் சேர்ந்த ஈரக்கரையில் அது தோற்கிறது.

தீர்வுகளின் வரலாறு

சுற்றுப்புறத்தின் குறிப்பு தேடும் பொருளை மறைத்துவிடும் சிக்கல் இத்துறையின் தொடக்கத்திலேயே தோன்றியது. 1881 சூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுள் தங்கிய குண்டைக் கண்டறிய அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு தூண்டல் கருவியை அமைத்தார். முயற்சி வெற்றி பெறவில்லை. படுக்கையில் இருந்த உலோகச் சுருள்வில்கள் குழப்பம் விளைவித்தன என்பதும், மருத்துவர் உடலின் வலப்பக்கத்தை மட்டும் சோதிக்க விட்டார் என்பதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. கார்ஃபீல்டு அவ்வாண்டு செப்டம்பரில் இறந்தார்.

வானூர்திகளுக்கான வானொலித் திசைகாட்டிகளில் பணிபுரிந்த கெர்கார்ட் ஃபிஷர், உலோகமும் தாதுவும் உள்ள இடங்களில் திசை பிழையாகக் காட்டப்படுவதைக் கவனித்தார். அதிலிருந்து எழுந்த அவரது கருவிக்கு 1937 இல் காப்புரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப்போரில் போலந்து நாட்டுப் பொறியாளர் யூசெஃப் கோசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி காணி, 1942 இல் எல் அலமைன் போரில் பயன்பட்டது. 1991 இல் ஃபிஷர் நிறுவனத்தின் சிசெட்-6, ஆஸ்திரேலியாவின் மைன்லேப் நிறுவனத்தின் சாவரின் ஆகிய கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட அலைவெண்களைப் பயன்படுத்தி வெளிவந்தன. கடற்கரைத் தேடலில் இது பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியது. ஆயினும் விலை நெடுங்காலம் உயர்ந்தே இருந்தது.

பல்லலைவெண் கருவிகள்

தாதுவின் குறிப்பு அலைவெண்ணைப் பொருட்படுத்துவதில்லை என்றும், உப்பின் குறிப்பு அலைவெண்ணுடன் உயர்கிறது என்றும் மேலே கூறப்பட்டது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அலைவெண்களை ஒரே நேரத்தில் செலுத்தி, கிடைக்கும் குறிப்புகளைத் தக்க விகிதத்தில் கழித்தால் இரண்டையும் சேர்த்தே நீக்கலாம். உலோகத்துக்கான தகவலும் எஞ்சும். பல்லலைவெண் கருவியின் பயன் இதுவே.

வாங்குவோர் இங்கு ஒரு சொல் மயக்கத்தைக் கவனிக்க வேண்டும். 'பல அலைவெண்கள்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது இரு பொருள் தரும். ஒருவகைக் கருவியில் பல அலைவெண்களுள் ஏதேனும் ஒன்றைத் தெரிந்தெடுத்துப் பயன்படுத்தலாம். மற்றதில் அவை ஒரே நேரத்தில் இயங்கும். 2023 இல் வெளிவந்த மைன்லேப் எக்ஸ்-டெர்ரா புரோ 5, 8, 10, 15 கிலோஹெர்ட்ஸ் ஆகியவற்றுள் ஒன்றில் இயங்குவது. அது நல்ல கருவியே என்றாலும் முதல் வகையைச் சேர்ந்தது. மேற்கூறிய கழித்தலை அது செய்வதில்லை. ஒரே நேரத்தில் இயங்குகிறதா என்று விற்பனையாளரிடம் தெளிவாகக் கேட்பது, வேறு எந்தக் கேள்வியையும் விட அதிகப் பணத்தைக் காக்கும்.

ஒரே நேரத்தில் பல அலைவெண்களில் இயங்கும் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 600, 800 ஆகியவை 2018 இல் முறையே 649, 899 அமெரிக்க டாலர் விலையில் வந்தன. மறுஆண்டு அதே நிறுவனம் வெளியிட்ட வான்குவிஷ் 340 ஏறத்தாழ 200 டாலருக்கு விற்கப்பட்டது. கடற்கரைக்கு ஏற்ற நுட்பம் எளியோர் கைக்கு எட்டியது இதன் பின்னரே எனலாம். விலை குறைந்ததற்கு ஈடாகச் சில வசதிகள் விடுபட்டுள்ளன. வான்குவிஷ் வரிசையில் சுருள் மட்டுமே நீரில் அமிழ்த்தத் தக்கது. கைப்பிடியில் உள்ள மின்னணுப் பெட்டி நீர்புகாத் தன்மை கொண்டதன்று. நிலச் சமனைக் கையால் திருத்தவும் இயலாது. காரெட் ஏஸ் ஏப்பெக்ஸ், துருக்கியின் நோக்டா நிறுவனத்தின் லெஜண்டு, ஸ்கோர் வரிசை ஆகியவையும் இவ்வகையின. நோக்டா கருவிகள் முழுவதும் நீரில் அமிழத் தக்கவை என்பது அலைகளுக்குள் இறங்குவோருக்கு முக்கியம்.

இதே நிறுவனத்தின் சிம்ப்ளெக்ஸ்+ 2019 இல் குறைந்த விலையில் வெளிவந்தது. 12 கிலோஹெர்ட்ஸ் ஒற்றை அலைவெண்ணில் இயங்கும் இது 3 மீட்டர் ஆழம் வரை நீர் புகாதது. கடற்கரைக்கெனத் தனி அமைப்பும் கொண்டது. ஏரி, ஆறு, உலர்மணல், மென்மையான வெண்மணற்கரை ஆகியவற்றுக்கு இது போதும். நீர் புகாத கருவி என்பதாலேயே கடலுக்கு ஏற்றது என்று கொள்ளலாகாது. உறை நீரைத் தடுக்கலாம். உப்பின் குறிப்பைத் தடுப்பது சுற்றமைப்பின் வேலை.

துடிப்புத் தூண்டல்

மற்றொரு வழி முற்றிலும் வேறானது. துடிப்புத் தூண்டல் கருவி தொடர் அலையைச் செலுத்தாமல், குறுகிய மின்துடிப்பைச் செலுத்தி நிறுத்திவிடுகிறது. பின்னர் 10 மைக்ரோநொடி அளவு காத்திருந்து, எஞ்சிய சுழல் மின்னோட்டத்தை அளக்கிறது. உப்புநீரில் தோன்றும் மின்னோட்டம் அதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மேக்னடைட்டும் துடிப்பு நின்றவுடன் அமைதியாகிவிடும். உலோகத்தில் மட்டும் மின்னோட்டம் நீடிக்கும். கருமணலும் உப்பும் கலந்த கரையில் இம்முறை அமைதியாகவும் ஆழமாகவும் செயற்படுவதன் காரணம் இதுவே. 60 மீட்டருக்கும் மேற்பட்ட நீராழத்துக்கென வடிவமைக்கப்பட்ட காரெட் சீ ஹண்டர் மார்க் 2 இம்முறையில் இயங்குகிறது.

குறை என்னவெனில், எளிய துடிப்புத் தூண்டல் கருவிகளால் இரும்பையும் பிற உலோகங்களையும் திறம்படப் பிரித்தறிய இயலாது. துருப்பிடித்த ஆணி, கொண்டை ஊசி, குப்பிமூடி என ஒலிக்கும் ஒவ்வொன்றையும் தோண்ட வேண்டும். மின்கலமும் விரைவில் தீரும். குப்பை குறைந்த தொலைகரைக்கு இது ஏற்றது. சுற்றுலாப் பயணிகள் கூடும் கடற்கரையில் ஒரு மணி நேரத்தில் முதுகு வலிக்கும்.

ஆஸ்திரேலியத் தங்க வயல்களின் செம்மண் இன்னும் கடினமானது. அங்குள்ள மாகெமைட்டு என்னும் தாதுவின் காந்தமேற்பு துடிப்பு நின்ற பின்னும் சிறிது நேரம் நீடிப்பதால், எளிய துடிப்புக் கருவிகளும் ஏமாறுகின்றன. பல நீளங்களில் துடிப்புகளைச் செலுத்தும் மைன்லேப் எஸ்டி 2000 இதற்கெனவே 1995 இல் வெளிவந்தது. இவ்வகையின் விலை மலிவு என்ற சொல்லுக்குள் அடங்காது. ஆயினும் விக்டோரியா மாநிலத்தில் 1980 இல், 'நம்பிக்கையின் கரம்' எனப்படும் 27.21 கிலோகிராம் தங்கக் கட்டி, அதற்கும் முந்தைய தலைமுறைக் கருவி ஒன்றாலேயே கண்டெடுக்கப்பட்டது. அது தரைமட்டத்துக்குச் சற்றே கீழ் கிடந்தது.

பொறியியல் கல்லூரி மாணவர் பலர் திட்டப்பணியாகச் செய்யும் இரட்டை அலையியற்றிக் கருவியையும் இங்குக் குறிப்பிடலாம். இரண்டு அலையியற்றிகளின் அலைவெண் வேறுபாட்டை ஒலியாகக் கேட்கச் செய்யும் இச்சுற்று, கற்பதற்கு மிகச் சிறந்தது. வெப்பநிலை மாறினாலே ஒலி நகரும் இதனைக் கடற்கரைக்கு எடுத்துச் செல்வது வீண். சொந்தமாகக் கருவி அமைக்க விரும்புவோர் துடிப்புத் தூண்டல் சுற்றை முயல்வது நன்று. அதன் சுருள் எளிமையானது. கடற்கரையிலும் உண்மையில் வேலை செய்யும்.

சுருள், பிரித்தறிதல், பழைய கருவிகள்

இரு டி எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தது போன்ற இரட்டை-டி சுருள், நடுவில் ஒரு குறுகிய பட்டையில் மட்டுமே கூர்மையாக உணர்கிறது. அது ஒரே நேரத்தில் காணும் மண் குறைவு என்பதால், கனிம நிலத்தில் ஒருமைய வட்டச் சுருளை விட மேலானது. மிகப் பெரிய சுருளை வாங்குவதும் தவறாகலாம். பெரிய சுருள் அதிக மண்ணைக் காண்பதால் அதிக இரைச்சலையும் காண்கிறது. மோசமான நிலத்தில் சிறிய சுருள் கூடுதல் ஆழம் தருவதும் உண்டு.

குப்பையைத் தவிர்க்கும் பிரித்தறிதல் வசதியைக் கடற்கரையில் அளவோடு பயன்படுத்த வேண்டும். அலுமினியத் தாளையும் குளிர்பானக் குவளையின் இழுவளையத்தையும் கருவி புறக்கணிக்குமாறு அமைத்தால், அவற்றுக்கு நிகரான எண்ணைத் தரும் மெல்லிய மோதிரங்களையும் அது புறக்கணித்துவிடும். ஆழ்ந்து சிந்தியாமல் இந்த அமைப்பைப் பயன்படுத்துவோர் வெள்ளி நாணயங்களோடு வீடு திரும்புவர்; தங்கம் மணலிலேயே கிடக்கும்.

பழைய கருவியை வாங்கினால் பணம் மிஞ்சும். ஆனால் டெசோரோ நிறுவனம் 2018 இலும் வைட்ஸ் நிறுவனம் 2020 இலும் உற்பத்தியை நிறுத்திவிட்டன. அவற்றின் கருவிகள் உறுதியானவை என்றாலும் உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. கடலில் பயன்பட்ட கருவியாயின், மின்கலப் பெட்டியின் இணைப்புகளில் பச்சை படிந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். விலையுயர்ந்த தங்கக் கருவிகளின் போலிகளும் சந்தையில் உலவுகின்றன. மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் புதிய கருவியின் தொடரெண்ணை உற்பத்தியாளரிடம் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பயன்படுத்தும் முறை

விலை குறைந்த கருவியைக் கொண்டும் பழக்கத்தால் நல்ல பயன் பெறலாம். உணர்திறனை உச்சத்தில் வைப்பது புதியவர்களின் பொதுவான தவறு. வீண் ஒலி அடங்கும் வரை அதனைக் குறைக்க வேண்டும். அமைதியான கருவியே ஆழமாகக் கேட்கும். அலைக் கோட்டுக்குச் செங்குத்தாக நடந்தால் மணலின் ஈரம் அடிக்கடி மாறும். எனவே கோட்டுக்கு இணையாக நடந்து, புதிய ஈரப்பகுதிக்குச் சென்றதும் நிலச் சமனை மீண்டும் அமைத்தல் நன்று. சுருளை நிலத்திலிருந்து ஒரே உயரத்தில் வைத்து வீச வேண்டும். வீச்சின் முனையில் சுருள் உயர்ந்தால் நிலக் குறிப்பு மாறிப் பொய்யொலி எழும். கனமான பொருட்கள் மணலில் மெல்ல இறங்கிக் கடினமான அடுக்கின் மேல் தங்குவதால், புயல் மேல்மணலை அரித்துச் சென்ற மறுநாள் மிகவும் உகந்த நாள் ஆகும். வீடு திரும்பியதும் சுருளையும் தண்டையும் நன்னீரால் கழுவ வேண்டும்.

சட்டமும் பாதுகாப்பும்

கருவி வாங்கும் முன்பே, தேட எண்ணும் இடத்தின் சட்டத்தை அறிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, நிலத்தில் மறைந்திருந்து கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். இங்கிலாந்தில் 1996 ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதையல் எனக் கருதத்தக்க பொருளை 14 நாட்களுக்குள் மரண விசாரணை அலுவலருக்கு அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் நகராட்சிக் கடற்கரைகள் பலவற்றில் தேடலுக்குத் தடையில்லை. தேசியப் பூங்காத் துறையின் கீழுள்ள தேசியக் கடற்கரைகளில் உலோகங்காணியை வைத்திருப்பதே தடைசெய்யப்பட்டுள்ளது.

போர் நடந்த நிலங்களில் பொழுதுபோக்குக் கருவியுடன் தேடவே கூடாது. இலங்கையின் வடக்கில் போர் 2009 இல் முடிந்த பின்னும் கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகள் தொடர்ந்தது. அப்பணிக்கான கருவிகள் தனித் தரத்தில் சோதிக்கப்படுபவை. நெகிழி உறையுடைய கண்ணிவெடிகளில் உலோகம் மிகச் சிறிதளவே இருக்கும். நாணயம் தேடும் கருவியின் பிரித்தறி அமைப்பு, அந்தச் சிறு குறிப்பைக் குப்பை எனத் தள்ளிவிடக்கூடும்.